கிதாபும் கண்ணும்: உடலின் உள்ளமைப்பை அறிந்த வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

ஆலங்குடி என்றதும் குரு தலமாகிய திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியே பலருக்கும் நினைவில் வரும். நாம் குறிப்பிடுவது புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள, புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை அவ்வூரில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நாம் அமர்ந்திருந்தபோது, முதியவர் ஒருவர் கையில் பெரிய உறையுடன் வந்து ஸலாம் உரைத்தார். உறைக்குள் இருந்தது ஓர் எக்ஸ்ரே படம். வளைகுடா நாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அவருடைய பேரனுக்கு எடுத்த மார்புப் படம் அது. படம் எடுத்தவர் முதலில் தாம்தாம் படத்தை இடம் வலம் மாற்றிக் குறித்துவிட்டதாக எண்ணினாராம். மறுபடியும் எடுத்தும் படம் மாறவில்லை. அந்த இளைஞனின் இதயம் வலப்பக்கத்தில் இருந்தது. பின்னர் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்ததில் கல்லீரல் இடப்பக்கமும் மண்ணீரல் வலப்பக்கமுமாக, உள்ளுறுப்புகள் அனைத்துமே கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம் மாறி அமைந்திருப்பது தெரியவந்தது.

பேரனுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. செய்தி பெண் வீட்டாரின் காதுக்கு எட்டியதும் பேச்சு மாறிவிட்டது. பெண்ணின் பெரிய தகப்பனார் ஓரளவு கிதாபு பார்த்தவர். “இது ஷரீஅத்தில் ஐபு, நிக்காஹுக்குப் பிறகு தெரிந்திருந்தால்கூட ஃபஸ்க் செய்யலாம். முன்பே தெரிந்தது நல்லதாயிற்று” என்று அவர் கூறிவிட்டாராம். முதியவர் நம்மிடம் மூன்று கேள்விகளை வைத்தார்.

“ஹஜ்ரத், இது நாங்கள் செய்த ஏதேனும் பாவத்துக்கான தண்டனையா? அவர்கள் சொல்வதுபோல் இது நிக்காஹைக் கலைக்கத்தக்க குறைதானா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஷைகு கல்பின் இடம் இடப்பக்க மார்பின் கீழே என்று கற்பித்தார்கள். இவனுக்கு வலப்பக்கத்தில் அல்லவா இருக்கிறது? இவன் திக்ரை எங்கே நிறுத்துவான்?”

நாம் உடனே விடை கூறவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டோம். அந்த வாரம் புரட்டிய கிதாபுகளில் நமக்குக் கிடைத்தது மூன்று விடைகள் மட்டுமன்று. ஏட்டில் எழுதியிருப்பதும் கண் காண்பதும் முரண்படும்போது அறிஞர் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் முன்னோர் விட்டுச்சென்ற நெடிய வரலாறும் கிடைத்தது. அதைக் கூறிவிட்டு, அந்த முதியவரிடம் திரும்புவோம்.

ஜாலீனூஸின் அதிகாரம்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், அரபு நூல்களில் ‘ஜாலீனூஸ்’ என்று வழங்கப்படுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகின் தனிப் பெரும் அதிகாரம் அவர்தாம். ஆனால் அவர் மனித உடலை முறையாக அறுத்துப் பார்த்தவர் அல்லர். குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை அறுத்துக் கண்டவற்றைப் பெரும்பாலும் மனிதருக்கும் பொருத்தி எழுதினார். அவற்றுள் பல சரியாகவே அமைந்தன, சில பிழைத்தன.

அவருடைய நூல்களைப் பக்தாதில் அரபிக்கும் சிரியாக்குக்கும் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873). இவர் கிறிஸ்தவர், அப்பாஸிய கலீஃபாக்களின் ஆதரவில் பணியாற்றியவர். மூலத்தின் பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே மொழிபெயர்க்கும் இவருடைய முறை இன்றும் வியப்புக்குரியது. இவ்வாறு வந்து சேர்ந்த காலனின் உடற்கூற்றியலே இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ வழியாக உலகெங்கும் பரவிற்று. ‘ஜாலீனூஸ் கூறினார்’ என்பதே பெரும்பாலோருக்கு ஒரு வாதத்தின் முடிவாக இருந்தது.

இரண்டாயிரம் மண்டையோடுகள்

அந்த அதிகாரத்தை ஒரு பஞ்சம் அசைத்தது. ஹிஜ்ரி 597, 598-ஆம் ஆண்டுகளில் (கி.பி. 1200–1202) நைல் நதி போதிய அளவு பெருகாமையால் எகிப்தில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அப்போது கெய்ரோவில் இருந்தவர் பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231). ஹதீஸ், இலக்கணம், தத்துவம், மருத்துவம் ஆகிய துறைகளில் தேர்ந்த அறிஞர். எகிப்து பற்றித் தாம் எழுதிய ‘அல்இஃபாதா வல்இஃதிபார்’ என்ற நூலில், படிப்போர் நெஞ்சு பதறும் வகையில் அப்பஞ்சத்தைப் பதிவு செய்துள்ளார்.

அல்மக்ஸ் என்னுமிடத்தில் இறந்தோரின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதைக் கேள்வியுற்று அவரும் உடனிருந்தோரும் அங்குச் சென்றனர். அங்கிருந்த உடல்கள் இருபதாயிரத்துக்கும் மேற்படும் என அவர்கள் மதிப்பிட்டனர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது, மோவாயில் அவை இணைகின்றன என்பது காலனின் கூற்று. அல்பக்தாதியின் கண்களுக்கோ அது ஒரே எலும்பாகத் தெரிந்தது; மூட்டுமில்லை, பொருத்துமில்லை. ஒன்றிரண்டைக் கண்டு அவர் முடிவுகட்டிவிடவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பல முறை ஆராய்ந்தார். தம் கண் தம்மை ஏமாற்றலாம் என அஞ்சிப் பிறரையும் பார்க்கச் செய்தார். அதன் பின்னரே, காலனின் தகுதி எத்துணை உயர்ந்ததாயினும் புலன்கள் தரும் சான்று அவருடைய சொல்லைவிட நம்பத்தக்கது என்று எழுதினார்.

இவ்வரலாற்றின் இந்தப் பகுதியைப் பலரும் பெருமையுடன் எடுத்துரைப்பர். அதையொட்டி வரும் பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நம் கேள்விக்கு அதுவே மிக நெருக்கமானது. முதுகெலும்பின் அடியில் உள்ள, அரபியில் ‘அஜுஸ்’ எனப்படும் எலும்பை அவர் அடுத்து ஆராய்ந்தார். வால் எலும்பையும் சேர்த்து அது ஆறு எலும்புகளாலானது என்பது காலனின் கூற்று. அல்பக்தாதி முதலில் கண்ட உடலில் அது ஒன்றாகவே இருந்தது. மற்றோர் உடலைப் பார்த்தார். காலன் கூறியபடி ஆறாக இருந்தது. தொடர்ந்து பார்த்தவற்றில் இரண்டு நீங்கலாக மற்றவை காலனின் கூற்றையே உறுதி செய்தன. இதையும் அப்படியே எழுதிவைத்தார். தாடை விஷயத்தில் உள்ள அளவுக்கு இவ்விஷயத்தில் தமக்கு உறுதி இல்லை என்பதையும் மறைக்காமல் சேர்த்தார்.

இன்றைய அறிவு இரண்டையும் விளக்கிவிடுகிறது. கீழ்த்தாடை கருவில் இரு பாதிகளாகவே உருவாகிறது. குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் அவை ஒன்றிவிடுகின்றன. நாய் போன்ற விலங்குகளில் வாழ்நாள் முழுவதும் அப்பொருத்து நிலைப்பதுண்டு. அடிமுதுகின் எலும்புத் துண்டுகளோ இளமைப் பருவத்தில் தொடங்கி மெல்ல மெல்ல இணைபவை. வயதுக்கு வயது, ஆளுக்கு ஆள் அவை வேறுபடும். ஒரே குவியலில் இரண்டு வகைகளைக் கண்ட அல்பக்தாதி இரண்டையுமே பதிந்தார். ஆதமுடைய மக்களின் உடல்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய சான்றாக அந்தப் பக்கம் நிற்கிறது.

வயிற்றிலிருந்து வந்த எலும்பு

அவருக்கும் இரண்டு நூற்றாண்டுகள் முன்னர், ஸ்பெயினில் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு ஏறத்தாழ கி.பி. 1013). அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ முப்பது பகுதிகளைக் கொண்டது. முப்பதாம் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் உருவங்கள் அதில் வரையப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்ற அப்பகுதி ஐரோப்பாவின் அறுவை மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

அதில் ஒரு பெண்ணின் செய்தி வருகிறது. அவள் வயிற்றில் சிசு இறந்தது. பின்னர் மீண்டும் கருவுற்றாள், அதுவும் இறந்தது. நெடுங்காலம் சென்று தொப்புளருகே வீக்கம் கண்டு, உடைந்து சீழ் வடிந்தது. அஸ்ஸஹ்ராவி பல நாள் மருத்துவம் செய்தும் புண் ஆறவில்லை. உள்ளிருப்பதை இழுத்து வெளிக்கொணரும் மருந்தை வைத்துக் கட்டினார். ஓர் எலும்பு வெளிவந்தது. சில நாளில் இன்னொன்று. வயிறு எலும்பற்ற இடமாயிற்றே என்று அவர் திகைத்தார், சிந்தித்தார், இறந்த சிசுவின் எலும்புகளே இவை என்று முடிவு செய்து மேலும் பலவற்றை அகற்றினார். அப்பெண் அதன் பின்னரும் நெடுநாள் வாழ்ந்தாள். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைப் பற்றிய மிகப் பழைய மருத்துவப் பதிவு இது என்று வரலாற்றாசிரியர் கருதுவர்.

இத்தகைய சிசு சில வேளைகளில் சீழ்கொள்ளாது, சுண்ணாம்புச் சத்துப் படிந்து கல்லாகிவிடும். 1582-இல் பிரான்சு நாட்டின் சான்ஸ் நகரில் 68 வயதில் இறந்த ஒரு பெண்ணின் வயிற்றில் அவ்வாறு கல்லான சிசு 28 ஆண்டுகள் இருந்தது தெரிந்தது. அதைக் காண அவள் இறக்க வேண்டியிருந்தது. உடலை அறுக்க வேண்டியிருந்தது. 2014-இல் நம் நாட்டு நாக்பூரில் 60 வயதுப் பெண் ஒருவர் வயிற்று வலியுடன் மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர்கள் முதலில் புற்றுநோய்க் கட்டியோ என்று ஐயுற்றனர். சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உள்ளிருந்தது ஒரு சிசுவின் எலும்புக்கூடு எனக் காட்டின. 1978-இல் கருவுற்ற அவர், குழந்தை பிழைக்காது என்று மருத்துவர்கள் கூறியும் அறுவைக்கு அஞ்சி ஊர் திரும்பியவர். அந்தச் சுமை 36 ஆண்டுகள் அவருடன் இருந்தது. அறுவைக்குப் பின் அவர் நலம் பெற்றார். அஸ்ஸஹ்ராவி ஒவ்வோர் எலும்பாகக் காத்திருந்து அறிந்ததைப் படம் ஒரு நாளில் காட்டிவிட்டது.

அறுக்காமல் அறிந்தவர்

இப்னுந் நஃபீஸ் (மறைவு ஹிஜ்ரி 687, கி.பி. 1288) டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்தவர். மருத்துவர் மட்டுமல்லர், ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹ் கற்பித்தவர். இப்னு ஸீனாவின் கானூனில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய விளக்கவுரை கி.பி. 1242-இல் நிறைவுற்றது.

இதயத்தின் வலக் கீழறையிலிருந்து இடக் கீழறைக்கு இடைச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் செல்கிறது என்பது காலனின் கொள்கை. இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். அச்சுவர் தடித்தது; அதில் துளையில்லை; இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்தே இதயத்தின் இடப்பகுதியை அடைகிறது என்று நிறுவினார். ஐரோப்பாவில் செர்வெட்டஸ் 1553-இலும் கொலம்போ 1559-இலும் இதை எழுதினர். ஹார்வியின் நூல் 1628-இல் வந்தது. இப்னுந் நஃபீஸின் உரையோ ஏடுகளுக்குள் மறைந்து கிடந்தது. முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய மருத்துவர் 1924-இல் பெர்லின் நூலகத்தில் அதைக் கண்டு உலகறியச் செய்தார்.

உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும் தம் இயல்பிலுள்ள இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று அந்நூலின் முகவுரையில் அவர் கூறுகிறார். அவர் உண்மையில் அறுத்துப் பார்த்தாரா, அனுமானித்தாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நமக்கு முக்கியமானது வேறு. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அந்தக் கண்ணியத்தையும் அறிவின் தேவையையும் ஒருங்கே சுமந்த ஒரு ஃபகீஹின் தவிப்பு அம்முகவுரையில் தெரிகிறது. உடலின் கண்ணியம் குலையாமல் உள்ளே பார்க்க ஒரு வழி இருக்கலாகாதா?

கத்தியின்றிக் காணும் கண்

அவ்வழி 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் திறந்தது. வில்ஹெல்ம் ராண்ட்ஜன் தாம் கண்ட புதிய கதிர்களைக் கொண்டு அவ்வாண்டு டிசம்பர் 22-இல் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டே ஆண்டுகளில் அக்கதிர்கள் நம் துணைக்கண்டத்தை எட்டின. 1897–98-இல் வடமேற்கு எல்லையில் அஃப்ரீதிப் பட்டாணியர்மீது ஆங்கிலேயர் நடத்திய தீராஹ் போரில், இராணுவ மருத்துவர் வால்டர் பீவர் எக்ஸ்ரே கருவியை மலைப்பாதைகளில் சுமந்து சென்று, காயமுற்ற படைவீரர்களின் உடலில் தங்கிய குண்டுகளைத் தேடினார். ஏறத்தாழ அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸும் இக்கதிர்களை உண்டாக்கிக் காட்டினார். சென்னைப் பொது மருத்துவமனையில் கதிர்ப்படத் துறைக்கென்றே பர்னார்ட் நிலையம் 1934-இல் நிறுவப்பெற்றது. நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார்கள். மனித உடலைப் பயில்வதில் இம்மண்ணுக்குள்ள பங்கை நினைவூட்டவே இதைக் குறிப்பிடுகிறோம். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது.

1958-இல் கிளாஸ்கோவின் அயன் டொனால்ட் ஒலியலைகளால் வயிற்றுக்குள் பார்க்கும் முறையை வெளியிட்டார். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. 2021-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை, இறந்தவரின் உடலை இயன்றவரை அறுக்காமல் சி.டி. ஸ்கேன் மூலம் ஆராயும் முறையைத் தொடங்கிற்று. எல்லா மரணங்களுக்கும் அது போதுமானதன்று. ஆயினும், பிரேதப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டுத் துடிக்கும் குடும்பங்களுக்கும், அடக்கம் தாமதமாகிறதே என்று வருந்தும் ஜமாஅத்துகளுக்கும் அது ஆறுதல் தருவது. இப்னுந் நஃபீஸின் தவிப்புக்கு எழுநூற்றெண்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஒரு பகுதி விடை என்றே அதைக் கருதுகிறோம்.

படம் காட்டிய பன்மை

உயிருள்ளோரை அறுக்காமல் பார்க்க இயன்றபோது, ஏட்டிலுள்ள உடலுக்கும் மனிதரின் உடலுக்கும் உள்ள வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் இணைந்து குதிரை இலாடம்போல் அமைகின்றன. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்துடன் பிறக்கிறார். சிலருக்குக் கழுத்தில் ஒரு விலா எலும்பு மிகுதியாக உண்டு. இவர்களுள் பலர் அதை அறியாமலே வாழ்ந்து மறைகின்றனர்.

உள்ளுறுப்புகள் அனைத்தும் இடம் மாறியிருப்பதும் அவ்வகையே. ஸ்காட்லாந்து மருத்துவர் மேத்யூ பெய்லி 1788-இல் அத்தகைய உடல் ஒன்றை விரிவாக விவரித்தார். ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது காணப்படுவதாகக் கூறுவர். காரணம் அண்மையில்தான் விளங்கிற்று. கரு உருவாகும் மிகத் தொடக்க நாள்களில், அதன் ஓரிடத்தில் உள்ள நுண்ணிழைகள் சுழன்று, சூழ்ந்துள்ள நீரை இடப்பக்கமாக ஓடச் செய்கின்றன. இடம் எது, வலம் எது என்பதை உடல் அந்த ஓட்டத்தால் அறிகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் இதைக் கண்டறிந்தனர். அவ்வோட்டம் அமையாதபோது திசை தற்செயலாகத் தீர்மானமாகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையையும் கூறியாக வேண்டும். 1933-இல் சூரிச்சின் மருத்துவர் கார்ட்டஜனர், இவ்வமைப்பு உள்ளோர் சிலருக்குச் சிறுவயது முதல் ஓயாத சளி, மூக்கடைப்பு, நுரையீரல் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வருவதை விளக்கினார். சுவாசப் பாதையின் நுண்ணிழைகளும் இயங்காமையே காரணம். அவ்வகை ஆண்களுள் பலருக்கு மகப்பேறும் தடைப்படலாம். இவ்வமைப்புடையோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே இந்நோய் உண்டு. எஞ்சியோர் பெரும்பாலும் மற்றவரைப்போல் நலமாகவே வாழ்கின்றனர்.

மூன்று கேள்விகளுக்கு விடை

ஒரு வாரம் கழித்து ஆலங்குடி சென்றோம். பெண் வீட்டாரும் வந்திருந்தனர். மூன்றாம் கேள்வியிலிருந்து தொடங்கினோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505) அவர்கள் ‘இஹ்யா’வில், கல்பின் அற்புதங்களை விளக்கும் நூற்பகுதியில், ‘கல்பு’ என்ற சொல்லுக்கு இரு பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று, மார்பின் இடப்பக்கத்திலுள்ள, ஸனோபர் காய் வடிவான சதை. அது மருத்துவர்களின் விஷயம்; விலங்குகளுக்கும் உண்டு; இறந்தவரிடமும் உண்டு. மற்றொன்று, இறைவனை அறியும் நுட்பமான தத்துவம். மனிதனின் மெய்ப்பொருள் அதுவே. கட்டளைகளும் கேள்வி கணக்கும் அதற்கே. ஷைகுமார்கள் இடப்பக்கத்தைக் கற்பித்தது மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சிக்காக. பெரும்பாலோரின் உடலமைப்பை ஒட்டி. திருக்குர்ஆன் கல்புகள் நெஞ்சங்களில் இருப்பதைக் குறிப்பிடுகிறது. இடம் வலம் பிரிக்கவில்லை. அந்த இளைஞனின் கல்பும் அவனுடைய நெஞ்சில்தான் இருக்கிறது. “அவனுடைய திக்ரு எங்கே சேர வேண்டுமோ அங்கே சேரும்” என்றோம்.

முதல் கேள்விக்கு விடை எளிது. கருவறைகளில் தான் நாடியவாறு உருவமைப்பவன் அல்லாஹ் என்பது நம் ஈமான். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும் குர்ஆனின் கொள்கை. தாயின் வயிற்றில் சில நாள் கருவாக இருந்தபோது நேர்ந்த அமைப்பைப் பாட்டனாரின் பாவத்துடன் முடிச்சிட எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாம் கேள்விக்குக் கிதாபையே திறந்து வைத்தோம். ஷாஃபிஈ மத்ஹபில் நிக்காஹைக் கலைக்க இடந்தரும் குறைகள் எண்ணப்பட்டவை: சித்தப்பிரமை, பெருநோய், வெண்குட்டம் ஆகிய மூன்று இருபாலர்க்கும் பொது, ஆணுக்குரியவை இரண்டு, பெண்ணுக்குரியவை இரண்டு, ஆக ஏழு. பின்னைய நான்கும் தாம்பத்தியத்தைத் தடுப்பவை. ஹனஃபி மத்ஹபில் வட்டம் இன்னும் குறுகியது. ஆணிடம் தாம்பத்தியத்தைத் தடுக்கும் குறைகளுக்கே இடமுண்டு. இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் மட்டும் மேற்கூறிய மூன்று நோய்களையும் சேர்க்கிறார்கள். வலப்பக்கத்து இதயம் இவற்றுள் எதிலும் அடங்காது. இல்வாழ்க்கையின் நோக்கத்தை அது தடுப்பதுமில்லை, அருவருப்பைத் தருவதுமில்லை.

அத்துடன் நாம் நிறுத்தவில்லை. குறை இல்லை என்பது ஒன்று. மறைக்கலாம் என்பது வேறு. தனக்கு மகப்பேறில்லை என்றறிந்த ஒருவரிடம், மணக்கும் பெண்ணுக்கு அதைத் தெரிவிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக அறிவிக்கப்படுகிறது. ஆகவே மருத்துவரிடம் கேட்டு, கார்ட்டஜனர் விளக்கிய நோய் உண்டா இல்லையா என்பதை அறிந்து பெண் வீட்டாரிடம் கூறுவது மாப்பிள்ளை வீட்டாரின் கடமை என்றோம். “படம் காட்டியதை ஒளிக்க வேண்டாம், படம் காட்டாததைக் கூட்டவும் வேண்டாம்” என்பதே நம் தீர்ப்பாக இருந்தது.

அப்போது பெண்ணின் தகப்பனார் கேட்ட ஒரு சொல் நம்மைத் தலைகுனியச் செய்தது. “பையனுக்குச் சளி, இருமல் ஏதும் உண்டா ஹஜ்ரத்?”

நாம் அறிந்திருக்கவில்லை. ஒரு வாரம் கிதாபுகளைப் புரட்டினோம், பாட்டனாரிடம் பேசினோம், படத்தைப் பார்த்தோம். யாருடைய நெஞ்சைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த இளைஞனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பள்ளிவாசல் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தான். அழைத்துக் கேட்டோம். சிறுவயது முதல் காய்ச்சலுக்கன்றி மருத்துவரிடம் போனதில்லை என்றான். பிறகு, “என்னை எல்லாரும் படத்தில்தான் பார்க்கிறார்கள் ஹஜ்ரத்” என்றான்.

இரண்டாயிரம் மண்டையோடுகளைப் பார்த்த பின்னரே ஜாலீனூஸுடன் முரண்பட்ட அறிஞரைப் பற்றி எழுதவும் பேசவும் நமக்கு எளிதாக இருந்தது. எதிரில் இருந்த ஒருவனைப் பார்ப்பது கடினமாகிவிட்டது. கிதாபை மட்டும் நம்பி மனிதனைக் காணத் தவறுவது போன்றதே, படத்தை மட்டும் நம்பி மனிதனைக் காணத் தவறுவதும்.

புதுக்கோட்டையில் மருத்துவர் ஒருவர் அவனை முறையாகப் பரிசோதித்து, சுவாச நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உள்ளமைப்பு மாறியிருப்பதைக் குறித்த ஓர் அட்டையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்குமாறும் கூறினார். அது பயனுள்ள அறிவுரை. குடல்வால் அழற்சி வந்தால் அவனுக்கு வலி இடப்பக்கம் தோன்றும். நெஞ்சுவலி என்று போனால் இ.சி.ஜி. கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். அறியாத மருத்துவர் தடுமாறக்கூடும். இவ்வமைப்புடைய எவரும் இதை மறவாமல் செய்வது நன்று.

அந்த எழுத்தைப் படித்துப் பார்த்த பெண்ணின் பெரிய தகப்பனார்தாம் ஷவ்வால் மாதத்தில் நிக்காஹுக்கு நாள் குறித்தார். முன்பு கூறியது தம் பிழை என்று சபையில் ஒப்புக்கொண்டார். அறிந்த பின் திருத்திக்கொள்வதே அறிஞர் வழி. அல்பக்தாதியின் உறுதியும், தமக்கு உறுதியில்லாததை உறுதியில்லை என்று எழுதிய அவருடைய நேர்மையும் நம் மதரஸாக்களில் கற்பிக்கப்பட வேண்டிய பாடங்கள். நாமும் வகுப்பில் இஹ்யாவின் அந்தப் பக்கம் வரும்போது, ‘இதயம் இடப்பக்கம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிலருக்கு வலப்பக்கம் என்று சேர்த்துக் கூறுகிறோம்.

யாவற்றையும் நன்கறிந்தவன் அல்லாஹ்வே.